தகவல் சொல்கிறோம்

வேலைக்கு ஆள் எடுப்பவர்களில் "உனக்கு இங்கே வேலை இல்லை" என்று முகத்துக்கு நேரே சொல்லுகிற தைரியசாலி ஒருவரையும் அஸீலா இதுவரை பார்த்ததில்லை. எல்லோரும் சிரித்த முகத்தோடு, "தகவல் சொல்றோம்மா" என்பார்கள். பாளையங்கோட்டையில் ஒரு மாடியில் அப்படிச் சொன்னார்கள். திருநெல்வேலி ஜங்ஷன் பக்கத்தில் சொன்னார்கள். சென்னையிலிருந்து மடிக்கணினித் திரையில் முகம் காட்டியவர்கள் அதையே இங்கிலீஷில் சொன்னார்கள். சொன்னவர்களில் ஒரு புண்ணியவான்கூடத் தகவல் சொன்னதில்லை. இல்லை என்று ஒரு வரி தட்டி அனுப்பினால் விரல் தேய்ந்தா போய்விடும்? அந்த ஒரு வரி வராதவரைக்கும் ஒரு வீடே ஃபோனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் என்று அவர்களுக்கு யார் போய்ச் சொல்வது?

அஸீலா காயல்பட்டினத்துப் பெண். ஊரிலேயே பெண்கள் கல்லூரியில் கம்ப்யூட்டர் படித்தாள். படித்ததில் பாதி எதற்கும் உதவாது என்று தெரிந்தபிறகு, வீட்டு மாடியில் உட்கார்ந்து, இணையத்தில் சும்மா கிடைத்த பாடங்களைப் பார்த்துப் பார்த்து வெப்சைட் செய்யக் கற்றுக்கொண்டாள். உம்மா ஜமீலா பீவிக்கு மகள் என்ன செய்கிறாள் என்பது முழுக்கப் பிடிபடவில்லை. யாராவது கேட்டால், "ஃபோன்ல நாம பாக்குதோம்லா, அதை இவ உள்ள இருந்து செய்யுதா" என்பாள். யோசித்துப் பார்த்தால் அதைவிடத் தெளிவாக யாராலும் சொல்ல முடியாது.

வாப்பா அகமது மீரான் துபாயில், ஒரு ஜவுளிக்கடையில் இருந்தார். அஸீலா பிறப்பதற்கு முன்னாலிருந்தே அங்கேதான். காயல்பட்டினத்தில் கல்யாணம் ஆனால் பெண் எங்கேயும் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்கு வர வேண்டும். வீடு பெண்ணுக்கு உரியது. அகமது மீரானும் அப்படித்தான் ஜமீலா பீவியின் வீட்டுக்கு வந்தார். வந்த சூட்டோடு விமானம் ஏறிவிட்டார். அதற்கப்புறம் லீவில் வருவார், மூலையில் பெட்டியைப் பாதி பிரித்து வைத்திருப்பார், போய்விடுவார். போன லீவு முடிந்து கிளம்புகிற அன்றைக்கு ரயில் பெட்டியின் படியில் கால் வைக்க முடியாமல் அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றதை அஸீலா பார்த்தாள்.

"எனக்கு வேலை கெடச்ச அன்னைக்கே நீங்க டிக்கெட் போட்டுரணும் வாப்பா. பெறவு அங்கன இருக்கக் கூடாது" என்றாள்.

"போட்டுருதேன்" என்று அவர் ஜன்னல் வழியாகச் சிரித்தார். அந்த ஒரு வாக்குக்காகத்தான் அவள் இத்தனை மாடிப்படிகள் ஏறினாள். தனக்கு ஒரு வேலை, வாப்பாவுக்கு ஒரு டிக்கெட். அவள் கணக்கு இவ்வளவுதான்.

ஒவ்வொரு இன்டர்வியூ முடிந்ததும் திருநெல்வேலியில் திருச்செந்தூர் ரயிலைப் பிடிப்பாள். ரயில் ஆற்றுப்பாலம் தாண்டிப் பாளையங்கோட்டையில் நிற்கும்போது வாப்பாவின் ஃபோன் வரும்.

"என்ன சொன்னாங்க?"

"தகவல் சொல்றோம்னாங்க வாப்பா."

"அப்ப கெடச்சிரும். வேண்டாம்னா அங்கனயே சொல்லியிருப்பாங்கல்லா?"

எத்தனையாவது தடவை என்றாலும் அவர் குரலில் சுருதி இறங்காது. "அப்ப கெடச்சிரும்" என்று அவர் சொன்னதும் அவளுக்கும் ஒரு நாள், இரண்டு நாள் அது உண்மை மாதிரியே இருக்கும். செய்துங்கநல்லூர் தாண்டிப் பச்சை வயல்கள் வரும்போது மனம் கொஞ்சம் ஆறியிருக்கும்.

பாளையங்கோட்டையில் ஒருவர், "இவ்வளவு சொல்லிக் குடுத்து, நாளைக்குக் கல்யாணம் ஆனா விட்டுட்டுப் போயிருவீங்களே" என்றார். "எங்க ஊர்ல மாப்பிள்ளைதான் சார் வீட்டை விட்டுட்டு வருவாரு. நான் எங்கயும் போக மாட்டேன்" என்று அஸீலா பதில் சொன்னாள். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். பக்கத்து அறையில் இருந்தவரைக் கூப்பிட்டு அதை இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். இரண்டு பேரும் சிரித்து முடித்துவிட்டுத் தகவல் சொல்கிறோம் என்றார்கள். சென்னைக்காரர் ஒருவர், வாடிக்கையாளர்கள் முன்னால் வரும்போதும் முக்காட்டோடுதான் வருவீர்களா என்று கேட்டார். ஆமாம் என்றாள். அவர் தன் பக்கத்துக் கேமராவை அணைத்துவிட்டுப் பேசினார். அணைத்தபின் என்ன முகம் காட்டினாரோ.

எல்லோரும் கேட்ட இன்னொரு கேள்வி, "நீங்களே செஞ்ச வெப்சைட் ஏதாவது இருக்கா?" என்பது. இருந்தது. ஆனால் அது மரண அறிவிப்புப் பக்கம்.

காயல்பட்டினத்தில் ஆண்களில் பலர் கடல் தாண்டி இருக்கிறார்கள். ஊரில் ஒரு மவுத்து என்றால் தகவல் உடனே அவர்களுக்குப் போய்ச் சேர வேண்டும். அங்கே நாலு பேர் கூடி, எதிரில் உடல் இல்லாமலே தொழுகிற காயிப் ஜனாஸா தொழுவார்கள். பெற்ற தாய்க்கு மண் போட வர முடியாதவனுக்கு அந்தத் தொழுகை ஒன்றுதான் மிச்சம். ஆனால் ஊரில் பாட்டனார் பெயரைப் பேரனுக்கு வைப்பது வழக்கம். ஒரே பெயரில் ஒரு தெருவுக்கு நாலு பேர் இருப்பார்கள். வாட்ஸ்அப்பில் வெறும் பெயரைப் போட்டு அனுப்பி, வேறு யாரோ இறந்ததற்கு வேறு யாரோ அழுத கதைகள் உண்டு. அதனால் அஸீலா தங்கள் பள்ளிவாசலைச் சேர்ந்த மஹல்லாவுக்கென்று ஒரு பக்கம் செய்து கொடுத்தாள். பாங்கு சொல்லுகிற மோதினார் பள்ளிவாசலிலிருந்து குரலில் பதிந்து அனுப்புவார். இன்னாருடைய மகன், இன்னாருடைய மருமகன், இன்னாருடைய கணவர், இன்னாருடைய தகப்பனார், வீடு எந்தத் தெரு, அடக்கம் எத்தனை மணிக்கு என்று அவள் ஒரு உறவு விடாமல் எழுதிப் போடுவாள். ஜமாஅத்தில் எல்லோருக்கும் அந்தப் பக்கத்தின் மேல் மதிப்பு இருந்தது. இன்டர்வியூவில் காட்டினால்தான், "என்னம்மா இது, காலங்காத்தால" என்று முகம் சுளித்தார்கள்.

முகம் சுளிக்காமல் பார்த்த ஒரே ஆள் பெர்லின். திருநெல்வேலி வண்ணாரப்பேட்டையில் ஒரு சின்ன கம்பெனி. அங்கே வேலை செய்கிற பத்துப் பதினைந்து பேருக்கு மூத்தவள். பக்கத்தை மேலும் கீழும் தள்ளிப் பார்த்துவிட்டு, "இதை நிறைய பேரு பாக்காங்களா?" என்று கேட்டாள்.

"வெளிநாட்டுல இருக்கவங்க எல்லாரும் பாக்காங்க மேடம்."

"அப்ப அவங்க வந்து பாக்குறதுக்கு முன்னால, அவங்க ஃபோனுக்கே அறிவிப்பு போற மாதிரி செஞ்சிட்டு, திங்கக்கிழமை கொண்டுவந்து காட்டுங்க. எங்க பெரியவரும் இருப்பாரு. அன்னைக்கே முடிவு பண்ணிரலாம்."

அஸீலாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. "தகவல் சொல்றோம்" என்கிற வார்த்தை வராமல் முடிந்த முதல் இன்டர்வியூ அது. அன்றைக்கு வாப்பா ஃபோன் பண்ணியபோது, "திங்கக்கிழமை முடிவாயிரும் வாப்பா. டிக்கெட்டு வெல விசாரிச்சு வைங்க" என்று கத்தினாள். ரயில் பெட்டியில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எந்தக் கம்பெனி, எத்தனை மணிக்கு என்று வாப்பா இரண்டு தடவை கேட்டார். பிறகு, "விசாரிக்கேம்மா" என்றார்.

வெள்ளிக்கிழமைக்குள் வேலையை முடித்துப் பக்கத்தில் ஏற்றிவிட்டாள். அறிவிப்பு வேண்டுமா என்று கேட்டதற்கு வெளிநாட்டில் இருந்தவர்கள் மளமளவென்று சம்மதம் தட்டினார்கள். ஞாயிறு மத்தியானம் ஒரு குறை கண்ணில் பட்டது. பெயரும் உறவுமாக வரி நீண்டால் சில ஃபோன்களில் கடைசி எழுத்துகள் வெட்டுப்பட்டன. தப்பும் தவறுமாகத் திங்கட்கிழமை போய் நிற்க முடியாது. சரி பார்ப்பதற்கென்று அவளிடம் அந்தப் பக்கத்தின் நகல் ஒன்று உண்டு. அதில் என்ன எழுதினாலும் அந்தத் திரையிலேயே தெரியும், வெளியே யாருக்கும் போகாது. குறையைத் திருத்தி இரண்டிலும் ஏற்றிவிட்டு, நகலில் ஒரு பெயர் போட்டுப் பார்க்க நினைத்தாள்.

யார் பெயரைப் போடுவது? ஊரில் உயிரோடு இருக்கிற யார் பெயரையும் மவுத்து அறிவிப்பில் எழுத மனம் வரவில்லை. மற்றவர்கள் பெயரைத் தொட அவளுக்கு என்ன உரிமை? யோசித்துக்கொண்டிருக்கும்போதே, பள்ளிக்கூடத்தில் சேர்ந்த நாளிலிருந்து தன் பெயரோடு சேர்த்து எழுதிப் பழகிய பெயரை விரல்கள் தாமாகத் தட்டிவிட்டன. அகமது மீரான். ஜமீலா பீவியின் கணவர். அஸீலாவின் தகப்பனார். நகல் ஒரு ஜன்னலிலும், ஊருக்குப் போகிற அசல் ஒரு ஜன்னலிலும் திறந்திருந்தன. இரண்டுக்கும் ஒரே நிறம், ஒரே எழுத்து. அவள் அனுப்பு என்று அழுத்தியது அசலில்.

மேசையில் இருந்த அவளுடைய ஃபோனே முதலில் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தாள். பெயர் வெட்டுப்படாமல் முழுசாக வந்திருந்தது. சந்தோஷப்பட்ட மறு நொடியே, நகலிலிருந்து தன் ஃபோனுக்கு எதுவும் வராதே என்று உறைத்தது. உடனே அழித்தாள். பக்கத்திலிருந்து அழிந்தது. போன அறிவிப்பு போனதுதான்.

மாடிப்படியில் அவள் இறங்குவதற்குள், பெண்கள் நடமாடுகிற பின்பக்க முடுக்குச் சந்து வழியாக அடுத்த வீட்டு ஹமீது பீவி தலையில் அடித்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டாள். சார்ஜாவில் இருக்கும் அவள் மகன் பார்த்துவிட்டு அழைத்திருக்கிறான். பின்னாலேயே இன்னும் நாலைந்து பெண்கள். மீன் கழுவிக்கொண்டிருந்த ஜமீலா பீவி, ஈரக் கையோடு அப்படியே அடுப்படித் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. யாரோ நீட்டிய ஃபோனில் தன் கணவர் பெயரையும் அதன் கீழே தன் பெயரையும் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"உம்மா, பொய்யிம்மா! நான்தான் தப்பாப் போட்டுட்டேன். சும்மா சரி பாக்குததுக்குப் போட்டேன். வாப்பாவுக்கு ஒண்ணுமில்லம்மா" என்று அஸீலா அலறினாள்.

ஜமீலா பீவி நிமிர்ந்து பார்த்தாள். "அப்பம் வாப்பாவுக்கு ஃபோன் போடு" என்றாள்.

போட்டாள். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. மறுபடி போட்டாள். அப்போதும் அப்படியே. வீட்டில் நிறைந்து நின்ற பெண்கள் அவள் முகத்தைப் பார்த்தார்கள். அது பொய் என்று இந்த உலகத்திலேயே நிச்சயமாகத் தெரிந்த ஒரே ஆள் அவள்தான். ஆனால் அணைந்து கிடந்த அந்த ஃபோன் அவளையே சந்தேகப்பட வைத்தது. தான் எழுதியதனாலேயே நடந்துவிட்டதோ என்று பயந்தாள். படித்த பெண்தான், கம்ப்யூட்டர் தெரிந்தவள்தான். அந்த நேரத்தில் அதெல்லாம் எங்கே போயிற்றோ.

துபாயில் இருக்கும் சின்னம்மா மகன், அண்ணன் முறையான யாசரை அழைத்தாள். "காக்கா, எங்க வாப்பா ரூமுக்கு ஒரு எட்டுப் போய்ப் பாருங்க" என்று கெஞ்சினாள். அவன் விழுந்தடித்துக்கொண்டு போனான். போனவன் ஃபோனை வைக்காமலே பேசினான்.

"அஸீலா, ஒங்க வாப்பா இங்க இல்லம்மா. ரூமைக் காலி பண்ணிட்டுப் போயி ரொம்ப நாளாச்சாம்."

"அப்ப கடைக்குப் போங்க காக்கா."

கொஞ்ச நேரத்துக்குக் கார் சத்தமும் அவன் மூச்சு வாங்குகிற சத்தமும் மட்டும் கேட்டன. பிறகு யாரிடமோ விசாரிக்கிற சத்தம். பிறகு யாசர் மெல்ல, வார்த்தை வார்த்தையாகச் சொன்னான்: "ஜவுளிக்கட இல்லம்மா. இங்கன இப்பம் அத்தர் கட இருக்கு. பழைய கடையப் போன வருசமே மூடிட்டாங்களாம்."

போன வருசம். அந்த ஒரு வருசமும் வாரம் தவறாமல் பேசியிருக்கிறார். கடையில் கூட்டம் என்றார், பெருநாள் வியாபாரம் என்றார், முதலாளி நல்லவர் என்றார். வீட்டுச் செலவுக்கு அனுப்பியது கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தபோதுகூட, "வியாபாரம் மந்தம்" என்றார். அஸீலா எதையும் உம்மாவிடம் சொல்லவில்லை. ஃபோனைக் காதிலிருந்து எடுக்காமலே சுவரோடு சாய்ந்து நின்றாள்.

பிற்பகல் அசர் தொழுகை முடிந்த நேரத்துக்கு வாப்பாவின் அழைப்பு வந்தது.

"என்னம்மா, நான் மவுத்தாயிட்டேனாம்லா? ஜித்தாவுல எனக்குத் தொழுவையே நடத்திட்டாங்களாம்."

சிரிக்கத்தான் பார்த்தார். அஸீலாவுக்கு அழுகை வெடித்துக்கொண்டு வந்தது. உம்மா ஃபோனைப் பிடுங்கி அவர் குரலைக் கேட்டுவிட்டு, மகளிடமே திருப்பிக் கொடுத்தாள். கொடுத்தபிறகுதான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.

"எங்க இருந்தீங்க வாப்பா? எதுக்கு ஃபோனை அணைச்சு வச்சீங்க?"



"ஒரு இன்டர்வியூவுக்கு வந்தேம்மா. உள்ள வரும்போது ஃபோனை அணைக்கச் சொல்லிட்டாங்க."

அஸீலா அந்த வார்த்தையைத் தன் வாழ்க்கையில் ஆயிரம் தடவை சொல்லியிருப்பாள். அவர் வாயிலிருந்து வந்தபோது அது அடையாளமே தெரியவில்லை. அவர் சொல்லிக்கொண்டே போனார். கடை மூடியபின் தெரிந்தவர் ஒருவருடைய கிடங்கில் மூட்டை தூக்குகிற இடத்தில் நின்றாராம். முழங்கால் ஒத்துழைக்கவில்லையாம். அதனால் சூப்பர் மார்க்கெட், லாண்டரி, ஹோட்டல் என்று பார்க்கிற இடத்திலெல்லாம் போய் உட்கார்ந்து வந்தாராம்.

"எல்லாரும் கம்ப்யூட்டர் தெரியுமான்னு கேக்காங்க. எம் மவ வெப்சைட்டே செய்யுதான்னு சொன்னேன். ஒங்களத்தான் கேக்கோம், ஒங்க மவள இல்லன்னுட்டாங்க."

"ஏன் வாப்பா எங்ககிட்ட சொல்லல? அன்னைக்கே கெளம்பி வந்திருக்கலாம்லா?"

"எப்படிம்மா வருவேன்? சம்பாதிச்சிப் போடுதேன்னு சொல்லித்தான் அந்த வீட்டுக்கு மாப்பிள்ளையா வந்தேன். சும்மா வந்து ஒங்க உம்மா வீட்டுல உக்காந்து திங்கச் சொல்லுதியா?" என்றார். கொஞ்சம் கழித்து, "ஒனக்கு ஒரு வேல கெடச்சிட்டா, மவளுக்குத் துணையா வந்துட்டேன்னு நாலு பேருகிட்ட சொல்லிக்கலாம்னு பாத்தேன்" என்றார்.

அவளுடைய ஒவ்வொரு இன்டர்வியூவுக்கும் அவர் ஏன் அப்படிக் காத்துக்கொண்டிருந்தார் என்பது அஸீலாவுக்கு அப்போதுதான் விளங்கியது. "அப்ப கெடச்சிரும்" என்று அவர் சொன்னது அவளுக்கு மட்டும் சொன்னதில்லை.

அன்று மாலையே ஜமாஅத் செயலாளர் வீட்டுக்கு வந்தார். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலாம் போலிருந்தது. "நீ நல்ல புள்ளதான். ஆனா மவுத்து விசயத்துல ஒருதடவ நம்பிக்க போச்சுன்னா போச்சும்மா. நாளைக்கு உண்மையாவே ஒண்ணு நடந்தாலும், இது சரிதானான்னு ஜனங்க கேப்பாங்க" என்றார். அவர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. பக்கத்தை அன்றே மூடிவிட்டு மறுபடியும் வாட்ஸ்அப்புக்கே போனார்கள். அவள் சொந்தமாகச் செய்தது என்று காட்ட இருந்த ஒன்றும் போயிற்று. திங்கட்கிழமை பெர்லினுக்கு ஃபோன் பண்ணி, வீட்டில் ஒரு பிரச்சினை, வர முடியவில்லை என்று மட்டும் சொன்னாள். "பரவாயில்ல. அடுத்த தடவ ஆள் எடுக்கும்போது தகவல் சொல்றேன்" என்றாள் பெர்லின். அந்த வார்த்தையின் அர்த்தம் அஸீலாவுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

யாசரும் அவன் சிநேகிதர்களும் சேர்ந்து அகமது மீரானை ஊருக்கு அனுப்பிவைத்தார்கள். வந்தவர் பெட்டியைப் பழைய மூலையில் வைத்தார். இந்தத் தடவை முழுசாகப் பிரிக்க வேண்டியிருந்தது, பிரிக்கவில்லை. லீவில் வரும்போது ராஜா மாதிரி சாப்பிடுகிறவர், இப்போது இரண்டாம் தடவை சோறு வாங்க மாட்டேன் என்றார். ஃபேன் போடலாமா என்று கேட்டுவிட்டுப் போட்டார். ஒருநாள் ஜமீலா பீவிக்குப் பொறுக்கவில்லை.

"உங்க வீட்டுல இருக்கதுக்கு என்னத்துக்கு இவ்வளவு கூச்சம்?" என்றாள்.

"உன் வீடுல்லா" என்று அவர் சிரித்தார். ஜமீலா பீவி கரண்டியை அப்படியே வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். பிறகு இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

மழைக்காலம் முடிகிற சமயத்தில் பெர்லினிடமிருந்து ஃபோன் வந்தது. தகவல் சொல்கிறேன் என்று சொல்லி, உண்மையிலேயே தகவல் சொன்ன ஒரே மனுஷி. புதன்கிழமை வரச் சொன்னாள். அஸீலா கிளம்பும்போது, வாப்பா இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து நின்றார்.

"நானும் வாரேன். இங்கன சும்மாத்தான இருக்கேன்."

ரயிலில் ஜன்னலோரம் அவருக்குக் கொடுத்தாள். குரும்பூர் தாண்டியதும் அவர் பேச ஆரம்பித்தார்.

"ஒங்கிட்ட மொதல்ல என்ன கேப்பாங்க?"

"உங்களப் பத்திச் சொல்லுங்கம்பாங்க வாப்பா."

"எங்கிட்டயும் அதான் கேட்டாங்க. பேரு சொன்னேன். ஊரு சொன்னேன். அதுக்கு மேல என்ன சொல்லன்னு தெரியல. இத்தன வருசமா துணி அளந்து கிழிச்சேன்னு சொன்னேன்." ஜன்னலிலிருந்து அவள் பக்கம் திரும்பினார். "அந்தப் பக்கத்த ஏன் மூடுனாங்கன்னு கேட்டா என்ன சொல்லுவ?"

"அதுக்குப் பணம் கட்ட நாளாயிட்டுன்னு சொல்லிரலாம்னு இருக்கேன்."

"வேண்டாம்மா. உண்மையச் சொல்லிரு. பொய் சொல்லி ஒரு வருசம் ஓட்டுனவன் சொல்லுதேன். ராத்திரி தூக்கம் வராது."

அவள் சரி என்றாள்.

வண்ணாரப்பேட்டை ஆபீஸில் வரிசையாக நாற்காலி போட்டிருந்தார்கள். எல்லாம் அவள் வயதுப் பிள்ளைகள். நடுவில் வாப்பா சட்டையின் மேல் பட்டன் வரைக்கும் போட்டுக்கொண்டு நேராக உட்கார்ந்திருந்தார். உள் அறைக் கதவு திறந்து ஒரு பெயரைக் கூப்பிட்டார்கள். வாப்பா எழுந்துவிட்டார். வேறு பையன் உள்ளே போனதும் மெதுவாக உட்கார்ந்தார். அடுத்த தடவை கதவு திறந்தபோதும் எழுந்தார். சட்டையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு, முகத்தில் ஒரு சிரிப்பை வரவழைத்துக்கொண்டு நின்றார். எழுவது அவருக்கே தெரியவில்லை. எத்தனை கதவுகளுக்கு முன்னால் இப்படி எழுந்து நின்று பழகியிருந்தால் முழங்காலுக்கு இது பழக்கமாகியிருக்கும்! அஸீலா அவர் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள். அந்தக் கையை விட அவளுக்கு மனம் வரவில்லை. அவள் பெயர் வந்தபோது இரண்டு பேரும் சேர்ந்தே எழுந்தார்கள்.

உள்ளே பெர்லினும், பெரியவர் என்று அவள் சொன்னவரும் இருந்தார்கள். முதல் அரைமணி நேரம் நன்றாகவே போனது. கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள், கொடுத்ததை எழுதிக் காட்டினாள். பெர்லின் முகத்தில் சந்தோஷம் தெரிந்தது.

"அந்த மரண அறிவிப்புப் பக்கம் ரொம்ப நல்லா செஞ்சிருந்தீங்களே, சாருக்குக் காட்டுங்க" என்றாள்.

"இப்ப அது இல்ல மேடம். மூடிட்டாங்க."

"ஏன்?"

பணம் கட்டவில்லை என்கிற பதில் நாக்கு நுனியில் இருந்தது. கதவின் கண்ணாடி வழியாக வாப்பாவின் தோள் தெரிந்தது. அஸீலா உண்மையைச் சொன்னாள். பெயர் வெட்டுப்பட்டது, இரண்டு ஜன்னல், அசலில் அழுத்தியது, உயிரோடிருந்த வாப்பாவுக்கு ஜித்தாவில் தொழுதது, எல்லாம். பெரியவர் முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஜனங்க பாக்குற பக்கத்துலயேவா போட்டுப் பாத்தீங்க?" என்று பெர்லினைப் பார்த்தார். அந்தத் தொழிலில் அதைவிடப் பெரிய பாவம் கிடையாது. பெர்லின் மேசையில் இருந்த பேனாவைத் திருப்பித் திருப்பி வைத்தாள். அவள் நல்லவள்தான். ஆனால் முடிவு அவள் கையில் இல்லை.

"சரி அஸீலா," என்றாள், முகத்தைப் பார்க்காமலே. "நாங்க தகவல் சொல்றோம்."

வெளியே வந்தாள். வாப்பா எழுந்து நின்றுகொண்டிருந்தார்.

"என்ன சொன்னாங்க?"

"தகவல் சொல்றோம்னாங்க வாப்பா."

"உண்மையச் சொன்னியா?"

"சொன்னேன்."

அஸீலா காத்திருந்தாள். வழக்கமாக அவர் சொல்லுகிற அந்த இரண்டு வார்த்தைக்காக அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். பொய்யாகவாவது சொல்லிவிட மாட்டாரா என்று இருந்தது. அவர் சொல்லவில்லை. அவள் தோளில் கிடந்த பையைக் கழற்றித் தன் தோளில் மாட்டிக்கொண்டார்.

"வா, ரயிலுக்கு நேரமிருக்கு. ஏதாவது சாப்பிட்டுட்டுப் போவோம்" என்று சொல்லிவிட்டு, கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினார்.